அம்மாவின் தமிழ்க் கையெழுத்தை அமெரிக்கக் குடியுரிமைப் படிவத்தில் ஏற்றுக்கொள்வார்களா?

பாலக்கோடு பம்புசெட் கேட்கிறார்:

பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். இப்போது என் மேசைமேல் கிடப்பது அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவம். இதில் எது ஏறும், எது ஏறாது என்று எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பம் அம்மாவுக்கு. வயது 68. 2010இல் கிரீன் கார்டு கிடைத்தது முதல் நியூஜெர்சியில் அக்காவோடு இருக்கிறார். நடுவில் ஊருக்கு வந்து இரண்டு மூன்று மாதம் தங்குவார். இந்த முறை தை மாதம் வந்தார், பங்குனி கடைசியில் விமானம். இத்தனை ஆண்டு இல்லாத குடியுரிமை ஆசை இப்போது ஏன் என்று கேட்டேன். “கார்த்திகையில் ராகி அறுக்கிறபோதும் நான் இங்கே இருக்க வேண்டும், ஆனியில் மாங்காய் இறக்குகிறபோதும் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார், ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கார்டை வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு மேல் போனால் விமான நிலையத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள்” என்றார். ஆக, பாலக்கோட்டில் நிம்மதியாக உட்காருவதற்காக என் அம்மா அமெரிக்கக் குடிமகள் ஆகப் போகிறார். கணக்கில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

படிவத்தை அக்காவே நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாள். பஸ் நிலையம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பதினான்கு பக்கத்தையும் அச்செடுத்தாயிற்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சிக்கலும் அதில்தான். “அம்மாவை ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடப் பழக்கு. தமிழில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்று அக்கா கட்டளை போட்டிருக்கிறாள். நான்கு கோடு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். எம் என்ற எழுத்து தீர்த்தமலை மாதிரி நிற்கிறது. எச் எழுத்தின் இரண்டு காலும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியே போகின்றன. பன்னிரண்டாம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு, “இது யாருடைய பெயர்?” என்று கேட்டார்.

தமிழ்க் கையெழுத்தின் கதையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். 1993 வரை அம்மாவுக்குக் கைநாட்டுதான். கூட்டுறவுச் சங்கத்தில் உரக் கடன் வாங்கப் போனால் பெருவிரலை மையில் உருட்டி வைத்துவிட்டு, விரலில் மிஞ்சிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வருவார். அந்த ஆண்டு எங்கள் ஊரில் அறிவொளி இயக்க வகுப்பு தொடங்கியது. மாரியம்மன் கோயில் திண்ணையில் ஓர் அரிக்கேன் விளக்கு, இரவுக் களி தின்றுவிட்டு வரும் பதினான்கு பெண்கள். பாடம் நடத்தத் தொண்டராக வந்தவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண். வேறு யாருமில்லை, இதே அக்காதான். விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் வேலை எனக்கு.

அம்மாவின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கிற பெயர்தான். ஐந்து எழுத்து, இரண்டு புள்ளி, கடைசியில் ‘ள்’. அந்த ‘ள்’ மட்டும் ஒன்பது இரவு எடுத்துக்கொண்டது. சுழி போட்டுக் காலை இறக்குவதற்குள் சாக்பீஸ் உடையும். இன்றைக்கும் ஐந்து எழுத்தையும் எழுதி முடித்து, தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் இரண்டு புள்ளியையும் வைப்பார், நெற்றியில் பொட்டு வைப்பது மாதிரி. அடுத்த முறை சங்கத்துக்குப் போனபோது எழுத்தர் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். “அதை மூடுங்கள்” என்றார் அம்மா. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது பதினான்கு வயது.

இனிக் கேள்விக்கு வருகிறேன். தமிழில் போட்டால் உண்மையிலேயே திருப்பி அனுப்புவார்களா? பாஸ்போர்ட்டில் அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர் என இரண்டும் இருக்கின்றன. ஆனால் கையெழுத்தில் தன் பெயர் மட்டும்தான், இனிஷியல்கூடக் கிடையாது. அது இடிக்குமா? அம்மாவுக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளலாமா, அல்லது அவருக்காக நானே போட்டுவிடலாமா? ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்கிறாள் அக்கா, அது சரியா? முன்பு ஒரு வங்கியில் புள்ளி கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது என்று காசோலையைத் திருப்பினார்கள். அதனால்தான் இவ்வளவு பயம்.

ஓசூர் இரண்டாம் ஷிப்ட்:

அண்ணா, எதற்கு வம்பு? ஆங்கிலத்தில் இரண்டு வளைவு போடச் சொல்லுங்கள். என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. ஒரு கோடு, ஒரு சுழி, கீழே ஓர் அடிக்கோடு. தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டாக அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் கணினியிலேயே பெயரைத் தட்டச்சு செய்து அந்தக் கோட்டின்மேல் வைத்துவிடுங்கள், பளிச்சென்று இருக்கும். அம்மாவின் ‘ள்’ கதை அருமை. ஆனால் அந்த ஊர் அதிகாரிக்கு ‘ள்’ தெரியுமா?

காவேரிப்பட்டணத்துக்காரி, டல்லாஸ்:

மேலே சொன்ன இரண்டையும் செய்துவிடாதீர்கள் அண்ணா, முக்கியமாகத் தட்டச்சு. காகிதப் படிவத்தில் கையெழுத்துக் கோட்டின்மேல் பெயரைத் தட்டச்சு செய்தாலோ ரப்பர் முத்திரை குத்தினாலோ அது கையெழுத்தே ஆகாது. செல்லுபடியாகும் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தைக் கட்டணத்தோடு திருப்பிவிடுவார்கள். பரிசீலனையே தொடங்காது, மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

என் மாமியாருக்கு இதே படிவத்தை நான்தான் நிரப்பினேன். அவருக்கும் தமிழ்க் கையெழுத்துதான். எனக்கும் உங்கள் அக்காவின் பயம் வந்தது. அப்போது குடியுரிமைத் துறையின் கொள்கைக் கையேட்டைத் தேடிப் படித்தேன். கையெழுத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை, படிக்கும்படி இருக்க வேண்டியதும் இல்லை என்று அதிலேயே இருக்கிறது. சுருக்கமாகப் போடுவது வழக்கமென்றால் சுருக்கமாகவே போடலாம். அவர் வழக்கமாகப் போடுகிற கையெழுத்தா என்பதுதான் கேள்வி. எழுதத் தெரியாதவர் மையால் பெருக்கல் குறி போட்டாலும், விரல் ரேகை வைத்தாலும் ஏற்கிறார்கள். அப்படியிருக்க, ஒன்பது இரவு உழைத்துக் கற்ற ‘ள்’லை ஏன் விட வேண்டும்? நோட்டில் பழகிய ஆங்கிலக் கையெழுத்தைப் போட்டால்தான் ஆபத்து. நேர்காணல் நாளன்று அதிகாரி முன்னால் மறுபடி கையெழுத்திட வேண்டும். அன்றைக்கு அந்த எம் மலை எப்படி நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

இனிஷியல் இல்லாதது இடிக்காது. முழுப் பெயரைக் கேட்கும் கட்டங்களில் பாஸ்போர்ட்டிலும் கிரீன் கார்டிலும் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். அதை அக்கா செய்திருப்பார். கையெழுத்து அந்தப் பெயரின் நகலாக இருக்க வேண்டியதில்லை.

நீங்கள் அவருக்காகப் போடுவது கூடவே கூடாது. மகன் என்றாலும், அதிகாரப் பத்திரம் கையில் இருந்தாலும், சுயநினைவோடு நடமாடுகிற ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திட முடியாது. கோட்டுக்கு மேலே உள்ள வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழி அது. கையைப் பிடிக்கவும் வேண்டாம். நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்குகிற கையெழுத்தும் அவருடையதுதான்.

ஸ்கேன் விஷயத்தில் அக்கா சொன்னது சரி. மையால் காகிதத்தில் போட்ட கையெழுத்தின் ஸ்கேனையோ நகலையோ அச்செடுத்து அனுப்பலாம். கொரோனா காலத்தில் கொடுத்த சலுகையை 2022இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆனால் கையெழுத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறு படிவத்தில் ஒட்டக் கூடாது. அம்மா கையெழுத்திட்ட காகிதம் முழுவதையும் ஸ்கேன் செய்யுங்கள், அசலைப் பத்திரமாக வைத்திருங்கள். எப்போது வேண்டுமானாலும் அசலைக் காட்டச் சொல்வார்கள். கறுப்பு மைப் பேனா. தேதியை அமெரிக்க முறையில் எழுதுங்கள், மாதம் முதலில், நாள் பிறகு. நம் வழக்கப்படி எழுதினால் ஏப்ரல் 3 அங்கே மார்ச் 4 ஆகிவிடும்.

இன்னொன்றை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அம்மா ஆங்கிலம் படிக்க மாட்டார் என்றால், ஒவ்வொரு கேள்வியையும் அவருக்குத் தெரிந்த மொழியில் ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும். வாசித்தவர் மொழிபெயர்ப்பாளர் பகுதியில் தன் பெயரும் தொடர்பு விவரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நிரப்பிக் கொடுத்தவருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அது அக்காவுக்கு. நீங்கள் வாசித்துச் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் நீங்கள். “அக்கா நிரப்பிவிட்டாள், போட்டுவிடு அம்மா” என்று நீட்டிவிடாதீர்கள். படிவத்தின் கடைசியில் நேர்காணலின்போது போட வேண்டிய கையெழுத்துக்கும் பற்றுறுதி மொழிக்கும் இடம் விட்டிருப்பார்கள். அதிகாரி சொல்லும் வரை அங்கே கைவைக்கக் கூடாது. என் மாமியார் கோடு கண்ட இடமெல்லாம் ஆசையாகப் போட்டுவிட்டார். மறுபடி அச்செடுத்தோம்.

பர்கூர்க்காரன்:

குறுக்கே ஒரு கேள்வி. நான் பிறந்தபோது எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது, 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. என் அப்பா பிறந்தபோதோ அது சேலம் மாவட்டம், ஏனென்றால் தருமபுரியே 1965இல்தான் பிரிந்தது. வீட்டை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்த மனிதர். பிறந்த இடம் என்று படிவத்தில் எதை எழுதுவது?

காவேரிப்பட்டணத்துக்காரி, டல்லாஸ்:

என்-400இல் பிறந்த நாட்டைத்தான் கேட்கிறார்கள் சகோதரரே. இந்தியா என்று எழுதிவிட்டுப் போங்கள். மாவட்டத் தகராறு அவர்களுக்கு வேண்டாம்.

ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர், தருமபுரி:

தம்பி, முப்பத்தாறு ஆண்டு பத்திரம் எழுதியவன் சொல்கிறேன், கேள். கையெழுத்து மாறிப்போனதால் நின்றுபோன கிரயம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கையெழுத்து தமிழில் இருந்ததால் நின்றுபோனது ஒன்றுகூட இல்லை. முதலில் உன் அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திற. அதில் எந்தக் கையெழுத்து இருக்கிறதோ அதையே இங்கேயும் போடச் சொல். நடுவில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு இரண்டு கையெழுத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு அலைவார். வங்கி ஒன்று, பாஸ்போர்ட் ஒன்று, அமெரிக்கா ஒன்று என்று மூன்று ஆளாகப் பிரிந்துபோனவர்களை நான் அறிவேன்.

நிலம் இருக்கிறதா என்று நீ சொல்லவில்லை. ராகி, மாங்காய் என்றதால் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டை இருந்தால் ஏழு மாதம் என்ன, ஏழு ஆண்டு வேண்டுமானாலும் பாலக்கோட்டில் இருக்கலாம், கேட்பாரில்லை. ஆனால் ஓட்டு கிடையாது. புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. இங்கே குடியிருந்த காலத்தில் வாங்கி வைத்திருந்த நிலத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதையும் பெறலாம். பக்கத்துக் காட்டை வாங்கும் எண்ணம் ஏதாவது அம்மாவுக்கு இருந்தால், உன் பெயரில் வாங்கு. வெளிநாட்டில் வசிக்கிறவர் என்பதால் இப்போதேகூட அவர் பெயரில் விவசாய நிலம் வாங்க முடியாது. உன் அம்மாவிடமே கேள், இருக்கும். எங்கள் ஊர்த் தாய்மார்களுக்குப் பக்கத்துக் காட்டின்மேல் கண் இல்லாமல் இருக்காது.

பாலக்கோடு பம்புசெட்:

ஐயா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வடக்கு வரப்பை ஒட்டி அறுபது சென்ட் இருக்கிறது. கேட்டதும் அம்மா, “அந்தப் பெரியவர் யார், நம் ஊரா?” என்றார்.

பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். தமிழ்க் கையெழுத்துதான், இரண்டு புள்ளியும் இருக்கின்றன. சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல் ‘ள்’ளின் கால் கோட்டில் இடித்துக்கொண்டு நிற்கிறது.

நேற்று ஞாயிறு, கடை விடுமுறை. தங்கை டல்லாஸ் சொன்னபடி ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் கீரைக் கடைசல் ஆறிப்போகும் வரை நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியிலோ சர்வாதிகாரக் கட்சியிலோ எப்போதாவது இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. அம்மா யோசித்தார். “ஃபுளோரைடு தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் தண்ணீர் கொடு என்று காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தோமே, அது எந்தக் கட்சி?” என்றார். கட்சி இல்லை அம்மா, ஊர்ப் பெண்கள் எல்லோரும்தான் என்றேன். “தண்ணீர் வந்ததல்லவா, அதையும் எழுது” என்றார். சட்டம் கேட்டுக்கொண்டால் அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா என்று இன்னொன்று. “அரிவாள் ஆகுமா?” என்றார். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று உண்மையாகவே கேட்கிறேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. களையெடுத்து, புளி உடைத்து அம்மாவின் விரல் ரேகை தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் நான்கு முறை வைத்தால் ஒரு முறைதான் ஏறும். அங்கே ரேகை எடுப்பார்களாமே? பிறகு, ஆங்கிலத் தேர்வு?

காவேரிப்பட்டணத்துக்காரி, டல்லாஸ்:

அரிவாளுக்குத் தனிக் கட்டம் இல்லை அண்ணா! விருப்பமா, இல்லையா என்பதுதான் கேள்வி. அம்மா சொல்கிற பதிலை அப்படியே குறியுங்கள், விளையாட்டாகச் சொன்னாரா என்பதை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். என் மாமியார் ஆம் என்றார். யாரும் துப்பாக்கி கொடுக்கவில்லை. குடம் தூக்கியதால் குற்றமில்லை. ஆனால் அன்றைக்குக் காவல்துறை கைது செய்து ஏற்றிக்கொண்டு போயிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். மாலையில் விட்டுவிட்டார்கள் என்றாலும் சொல்ல வேண்டும்.

ரேகை சரியாகப் பதியாவிட்டால் இரண்டாம் முறை கூப்பிடுவார்கள். அப்போதும் பதியவில்லை என்றால், வசிக்கும் ஊர்க் காவல்துறையிடமிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். வேலை கெட்டுப்போகாது. ஆனால் ரேகைக்கான அழைப்புக் கடிதம் சில வாரங்களிலேயே வந்துவிடலாம். அம்மா திரும்பும் தேதியைப் பார்த்துக்கொண்டு அக்காவை அஞ்சலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலத் தேர்வு அம்மாவுக்கு வேண்டியதில்லை. விண்ணப்பிக்கும் நாளில் 55 வயது கடந்து, கிரீன் கார்டோடு அங்கே வசித்த காலம் மொத்தம் 15 ஆண்டு ஆகியிருந்தால் விலக்கு உண்டு. 2010இலிருந்து கணக்கிட்டால் தேறுகிறார், ஆனால் ஊரில் தங்கிய மாதங்களையும் அக்கா ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். கடந்த ஐந்து ஆண்டில் முப்பது மாதமாவது அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு. அமெரிக்க வரலாறு, அரசு பற்றிய குடிமையியல் தேர்வு மட்டும் உண்டு. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய முறை. 128 கேள்விகளைப் படித்துக்கொண்டு போக வேண்டும், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். 65 வயதும், கிரீன் கார்டோடு 20 ஆண்டும் ஆனவர்களுக்கு 20 கேள்வி படித்தால் போதும். அம்மாவுக்கு இன்னும் நான்கைந்து ஆண்டு குறைகிறது. அதுவரை காத்திருக்கவும் செய்யலாம்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் அனுப்பினால் 760 டாலர், இணையவழியில் 710. இணையத்தில் என்றால் அம்மாவின் பெயரில் கணக்குத் திறந்து, கடைசியில் அவர் தன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். அங்கே அதுதான் கையெழுத்து. காகிதத்தில் செல்லாத தட்டச்சு திரையில் செல்லும், விசித்திரம்தான். பேனா வேலையே இல்லை. ஐம்பது டாலர் மிச்சம்.

ஓசூர் இரண்டாம் ஷிப்ட்:

என் யோசனை பாதி சரியாகிவிட்டது, எல்லோரும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு பம்புசெட்:

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெயில் ஏறிவிட்டது, ஊரிலிருக்கும் மோட்டார் எல்லாம் புகைந்துகொண்டு கடைக்கு வருகின்றன.

128 கேள்விக்குப் பயந்து நான்கு ஆண்டு காத்திருக்க அம்மா தயாராக இல்லை. “நான்கு ஆனி போய்விடும்” என்றார். இணையவழிச் செய்தியையும் சொன்னேன். ஐம்பது டாலர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். நாலாயிரத்துக்கு மேல் என்றேன். கடைக்குப் போய் வரக் கொடுத்த பணத்தில் இரண்டு ரூபாய் குறைந்தால் கணக்குக் கேட்கிறவர். முறத்தில் இருந்த ராகியில் நான்கைந்து கல் பொறுக்கிப் போட்டார். பிறகு, “காகிதத்திலேயே அனுப்பச் சொல்” என்றார். அக்காவிடம் காணொளியில் சொன்னபோது, கட்டணம் கட்டுவது தான் என்று அவள் கொஞ்சம் முணுமுணுத்தாள். “அன்றைக்குத் திண்ணையில் சாக்பீஸைக் கையில் கொடுத்து, இனி உன் பெயரை நீதான் எழுத வேண்டும் என்று சொன்னது யார்?” என்று அம்மா கேட்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை. பிறகு, கோட்டுக்கு மேலே எழுது, கீழே இறங்கிவிடாதே என்று மட்டும் சொன்னாள். முப்பது ஆண்டுக்கு முன்பும் அவள் அதையேதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கறுப்பு மைப் பேனா. நான் பக்கத்தில் இருந்தேன், கையைத் தொடவில்லை. ஐந்து எழுத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார், இரண்டு புள்ளியும் வைத்தார். தேதியை நான் சொல்லச் சொல்ல மாதம் முதலில் வைத்து எழுதினார். மொழிபெயர்ப்பாளர் கோட்டில் என் கையெழுத்து. கடைசிப் பக்கங்களைப் பாதுகாப்புக்காக நான் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கூத்து. ஜெராக்ஸ் கடைப் பையன் பதினான்கு பக்கத்தையும் ஸ்கேன் செய்து திரையில் காட்டினான். அழகாக இருந்தது, அனுப்பிவிடு என்றேன். கூட வந்திருந்த அம்மா திரைக்கு அருகே குனிந்து, “புள்ளி எங்கே?” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பார்த்தால் பெயரின் இரண்டு புள்ளியும் காணோம். பையன் நல்லவன்தான். கறையும் தூசியும் இருந்தால் சான்றிதழ்களைத் துடைத்துப் பளிச்சென்று கொடுப்பது அவன் வழக்கமாம். “சின்னதாக இரண்டு கறுப்பு இருந்தது அண்ணா, தூசி என்று நினைத்து அழித்துவிட்டேன்” என்றான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எத்தனையாவது வரை படித்தாய்?” என்றார். பி.காம். என்றான்.

பதினான்கு பக்கத்தையும் எதையும் துடைக்காமல் மறுபடி ஸ்கேன் செய்ய வைத்து, கையெழுத்துப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, இரண்டு புள்ளியையும் விரல் வைத்து எண்ணிய பிறகுதான் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். பையன் இரண்டாம் முறைக்குக் காசு வாங்கவில்லை.

அக்காவுக்கு அனுப்பியாயிற்று. அம்மா போய்ச் சேர்ந்த மறுநாள் அஞ்சலில் சேர்ப்பாள். அசல் பெட்டிக்குள் இருக்கிறது. ராகி மாவுப் பொட்டலத்துக்குக் கீழே வேண்டாம், மேலே வை என்றார், வைத்திருக்கிறேன். வடக்கு வரப்பு அறுபது சென்ட்டுக்காரரிடம் நாளை பேசப் போகிறேன். பத்திர எழுத்தர் ஐயா, உங்களைத் தேடி வருவேன்.